எபாக்ஸி தரை: வழவழப்பாக விரிய, கல்லாக இறுக

எபாக்ஸி தரை போட முதல்முறையாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த ரோலர் நல்லது, எப்படி இழுக்க வேண்டும் என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கெட்டுப்போன தரைகளைக் கிளறிப் பார்த்தால், அவற்றில் பல ரோலரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கெட்டுவிட்டது தெரியும். உள்ளே ஈரம் இருந்த கான்கிரீட், அரைகுறையாகத் தேய்த்த மேற்பரப்பு, அவசரமாகக் கலக்கிய வாளி, பொருந்தாத வானிலை ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இந்த வேலையில் கைத்திறமையைவிடக் கணக்கும் காத்திருப்பும் அதிகம் தேவைப்படும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ஊற்றுவதற்கு முந்தைய வேலையைப் பற்றியே இருக்கும்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். சாதாரண பெயின்ட்டில் இருக்கும் தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போனதும் மீதி படலமாக நின்றுவிடும். எபாக்ஸி வேறு மாதிரி வேலை செய்கிறது. ரெசின் ஒரு டப்பாவிலும் ஹார்டனர் இன்னொன்றிலும் வரும். இரண்டும் சேர்ந்த நொடியிலேயே வேதிவினை தொடங்கிவிடும். வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே திரவம் கெட்டியாகி, கடைசியில் திரும்ப உருகாத பிளாஸ்டிக்காக மாறும். அளவு பிசகினால் ஒரு பாகம் ஜோடி கிடைக்காமல் மிஞ்சிவிடும். எத்தனை வாரம் காத்திருந்தாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. சூடு கூடினால் வினை ஓடும், குளிர்ந்தால் படுத்துவிடும். ஃபேன் போட்டுக் காய வைக்கலாம் என்ற யோசனை இங்கே எடுபடாது, தூசிதான் வந்து ஒட்டும்.

எந்த வகை வாங்குவது

மூன்று வகை உண்டு. தண்ணீர் கலந்தது, தின்னர் கலந்தது, எதுவும் கலக்காத நூறு சதவீதத் திடப்பொருள் வகை. முதல் இரண்டும் மெல்லிய பெயின்ட் போல ரோலரில் உருட்டிப் போட வசதியானவை. ஆனால் கலந்திருக்கும் திரவம் ஆவியானதும் படலம் மெலிந்துவிடும். 50 சதவீதத் திடப்பொருள் உள்ள ஒன்றை 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) தடிமனில் போட்டால் கடைசியில் நிற்பது 100 மைக்ரான்தான். கண்ணாடி மாதிரித் தானாகவே சமமாக விரியும் தரை வேண்டுமென்றால் மூன்றாவது வகையில், 'செல்ஃப் லெவலிங்' என்று குறிப்பிட்டிருப்பதை வாங்க வேண்டும். அதை வழக்கமாக 2 மில்லிமீட்டர் வாக்கில் போடுவார்கள்.

எதை வாங்கினாலும் அதன் டேட்டா ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். கலவை விகிதம், பாட் லைஃப் (கலந்த பிறகு வாளியில் எவ்வளவு நேரம் திரவமாக இருக்கும் என்பது), அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை வரை போடலாம் எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எண்ணும் அந்தத் தாளில் உள்ள எண்ணும் முரண்பட்டால் தாளையே நம்புங்கள். ஒரே நிறத்தில் பல டப்பா வாங்கினால் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு வேறு பேட்ச் வந்துவிட்டால், எல்லா ரெசினையும் ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, பிறகு அளந்து எடுத்தால் நிறம் மாறாது.

கான்கிரீட்டைப் பரிசோதிப்பது

புதிய கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும். அதற்குமேல் ஆகிவிட்டாலும் ஈரம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தரைக்கு அடியில் மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கலாம். எபாக்ஸி படலம் அந்த ஆவியை வெளியே விடாது. ஆவி அடியில் சேர்ந்து அழுத்தும்போது படலம் கொப்பளமாக எழும்பும், சில சமயம் தகடாகவே பெயர்ந்து வரும்.

இதற்குச் செலவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் தரையில் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, தாள் மூடியிருந்த இடம் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். நேரடி வெயில் படும் இடத்தில் செய்யாதீர்கள், முடிவு தப்பாக வரும். தரையின் இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது. ஒன்று கவனியுங்கள்: ஈரம் தெரிந்தால் அது உறுதி, தெரியாவிட்டால் சந்தேகம் முழுதாகத் தீர்ந்ததாகாது. பெரிய பரப்பாக இருந்தால் கான்கிரீட்டில் துளையிட்டு உள்ளே ஈரப்பதம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இருப்பது தெரிந்துவிட்டால் அதற்கென்றே தயாரிக்கப்படும் ஈரத்தடுப்பு பிரைமர் போட வேண்டும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து மேலே ஊற்றுவது வீண்.

அடுத்தது எண்ணெய். பழைய வண்டிக்கொட்டகை, பட்டறைத் தரைகளில் எண்ணெய் ஆழமாக இறங்கியிருக்கும். தரையை இயந்திரத்தால் தேய்ப்பதற்கு முன்பே கிரீஸ் நீக்கியை ஊற்றித் தேய்த்துக் கழுவி எடுத்துவிட வேண்டும். முதலில் கிரைண்டர் ஓட்டினால் எண்ணெய் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிடும். கழுவிக் காய்ந்த பிறகு அங்கங்கே சில துளி தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இன்னும் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு தரை கறுத்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

தேய்ப்பதும் ஓட்டை அடைப்பதும்

கான்கிரீட் போடும்போது மேலே மிதந்து வந்து நிற்கும் சிமென்ட் பால், இறுகிய பிறகு பார்க்க உறுதியாகத் தெரியும். உண்மையில் அது பலமில்லாத மாவுப் படலம். எபாக்ஸி அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்தப் படலம் கான்கிரீட்டை விட்டுவிடும். அதை முழுதாக எடுத்து, கை வைத்தால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். வைரப் பற்கள் வைத்த கிரைண்டரும் தூசி உறிஞ்சியும் இதற்குச் சரியான ஜோடி. வாடகைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆசிட் ஊற்றிச் செய்யும் வழியும் உண்டு, சிறிய வேலைகளில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எங்கே எவ்வளவு அரித்தது என்பது கையில் இல்லை, தரை முழுக்க நனைந்துவிடும், உப்பு தங்காமல் பல தடவை கழுவ வேண்டும். பிறகு காய்வதற்கு வேறு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈரத்துக்குப் பயப்படும் பொருளைப் போடப்போகிற தரையில் இத்தனை தண்ணீர் ஊற்றுவானேன்?

தேய்த்த பிறகு விரிசல்களைப் பாருங்கள். அசையாத விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி எடுத்து, எபாக்ஸி பட்டியால் அடைத்து, இறுகியதும் சமமாகத் தேய்த்துவிடலாம். ஆனால் கான்கிரீட் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இணைப்புகளைக் கெட்டியான எபாக்ஸியால் அடைக்கக் கூடாது. அவை அசையும்போது மேலே போட்ட தரை அதே கோட்டில் பிளந்துவிடும். அந்த இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்று சுவரில் குறித்து வையுங்கள். தரை இறுகிய பிறகு அதே கோட்டில் அறுத்து, இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புவதுதான் முறை.

கடைசியாகத் தூசி. துடைப்பத்தால் பெருக்கினால் பாதித் தூசி காற்றில் ஏறி, ராத்திரி முழுக்க நின்று, மறுநாள் ஈரப் படலத்தில் இறங்கும். வாக்குவம் போட்டு இரண்டு திசையிலும் இழுங்கள். கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்து வெள்ளைப் பொடி வராமல் போகும் வரை செய்யுங்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்காமல், துகள் வடிகட்டும் முகமூடியே போட வேண்டும்.

வானிலைக் கணக்கு

பலர் வெப்பநிலையை மட்டும் பார்ப்பார்கள். 15 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான எபாக்ஸிக்கு நல்லது. 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஹார்டனர்கள் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆனால் பளபளப்பைக் கெடுப்பதில் ஈரப்பதத்துக்கே பெரிய பங்கு.

காற்றில் உள்ள ஆவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். தரையின் வெப்பநிலை அதைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், ஊற்றும் நேரத்தில் மட்டுமில்லாமல் படலம் இறுகும் வரைக்கும். ஒரு கணக்கு பார்ப்போம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அப்படியானால் தரை 29 டிகிரியாவது இருக்க வேண்டும். நிழலில் இருக்கும் கான்கிரீட் காற்றைவிடக் குளிர்ந்தே கிடக்கும் என்பதால் இந்த நிபந்தனை எளிதில் தவறிவிடும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியும், தரையைக் குறிவைத்து வெப்பம் அளக்கும் துப்பாக்கி வெப்பமானியும் இருந்தால் போதும். பனிநிலை கணக்கிட செல்போனிலேயே வழி இருக்கிறது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஹார்டனரில் இருக்கும் அமீன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கிவிடும். அமீன் பிளஷ் என்று இதற்குப் பெயர். பளபளப்பு மங்கும், வெண்மை திட்டுத்திட்டாகத் தெரியும், அதன் மேல் போடும் அடுத்த கோட் ஒட்டாது. குளிர் நாட்களில் அறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் அல்லது கேஸ் அடுப்பு மாதிரித் திறந்த சுடர் ஹீட்டரை வைப்பவர்கள் இந்தத் தொல்லையைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். எரியும் சுடர் நீராவியையும் கரியமில வாயுவையும் ஒன்றாகவே வெளிவிடும். மின்சார ஹீட்டர் என்றால் இந்தச் சிக்கல் கிடையாது.

எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதிலும் ஓர் இழுபறி இருக்கிறது. காலையில் தரை சூடேறும்போது கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து மேலே வரும். ஈரப் படலத்தைத் துளைத்துக்கொண்டு அது வெளியேறும் இடமெல்லாம் ஊசித்துளையாகும். பிற்பகலில் தரை குளிரத் தொடங்கும்போது காற்று உள்ளே இழுபடுமே தவிர வெளியே வராது. அதனால் குமிழிக்குப் பயந்தால் மாலை நல்லது. ஆனால் ரொம்பத் தாமதித்தால் ராத்திரி ஈரப்பதம் ஏறி பிளஷ் வரும். மூடிய அறையாக இருந்தால் பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத் தொடங்கி, இருட்டுவதற்குள் ஊற்றி முடித்துவிடுவதையே நான் சொல்வேன். ராத்திரி விளக்கைப் போட்டு வைத்தால் பூச்சிகள் வந்து படலத்தில் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும்

ஒரு லிட்டர் திரவத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை 20 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் செல்ஃப் லெவலிங்குக்கு 40 லிட்டர் வேண்டும். 250 மைக்ரான் ரோலர் கோட் என்றால் ஒரு லிட்டர் 4 சதுர மீட்டருக்கு வரும், ஆக 5 லிட்டர். கரடுமுரடான தரை கொஞ்சம் குடிக்கும். பத்து சதவீதமாவது கூட வாங்குங்கள். பாதியில் பொருள் தீர்ந்து, இருப்பதை இழுத்துத் தேய்த்து மெலிய வைத்த இடம் கடைசி வரை கண்ணில் குத்தும்.

பிரைமர்

வாங்கும் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது பிரைமரில்தான். தண்ணீர் மாதிரி ஓடும் இந்த முதல் கோட் கான்கிரீட்டின் துளைகளில் இறங்கி அவற்றை அடைக்கிறது. அடைபடாத துளை ஒவ்வொன்றும் மேல் கோட்டில் ஒரு ஊசித்துளை. பிரைமர் போட்ட பிறகும் சில இடம் உறிஞ்சி மங்கலாகத் தெரிந்தால் அங்கே இரண்டாம் முறை போடுங்கள். முழுத் தரையும் ஒரே சீராக மினுங்க வேண்டும். சொரசொரப்பு அதிகமான தரையில் பிரைமருக்கு மேல், எபாக்ஸியில் நுண்ணிய சிலிக்கா மணல் கலந்து தகட்டால் அழுத்தி இழுத்து நிரப்பிவிட்டால் பள்ளமெல்லாம் சமமாகிவிடும். செல்ஃப் லெவலிங் தானாகச் சமமாகும் என்பது உண்மைதான், ஆனால் 2 மில்லிமீட்டர் படலத்தால் 5 மில்லிமீட்டர் பள்ளத்தை மறைக்க முடியாது.

கலக்குவது

தரை பிசுபிசுப்பாக நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முந்தின நாளே ரெசினையும் ஹார்டனரையும் 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த ரெசின் தேனாகக் கெட்டியாகி, கலக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரில் கிடந்த ரெசின் சில சமயம் மங்கலாகவோ மணல் மணலாகவோ தெரியும். கெட்டுப்போகவில்லை, படிகமாகியிருக்கிறது. 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை வைத்துத் தெளியும் வரை சூடாக்கி, திரும்ப ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

விகிதம் கன அளவில் சொல்லப்பட்டிருக்கிறதா, எடையில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு. ரெசின் ஒரு லிட்டர் 1.15 கிலோ, ஹார்டனர் ஒரு லிட்டர் 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், கன அளவில் 2-க்கு 1 என்பது எடையில் 2.3-க்கு 1. கன அளவு விகிதத்தைத் தராசில் போட்டு அளந்தால் ஹார்டனர் கூடிப்போகும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை அதிகம் விடுவது இன்னொரு வழக்கமான தப்பு. கூட விட்டது வினை செய்ய ஆளில்லாமல் மிஞ்சி, தரையை மிருதுவாக்கி, பிளஷையும் கூட்டும். முழு டப்பாவுக்கு முழு டப்பா என்று கலப்பதுதான் பாதுகாப்பு.

நிறமி உள்ள பாகத்தை முதலில் தனியாகக் கலக்குங்கள், அடியில் படிந்திருக்கும். பிறகு ஹார்டனரை முழுதாக வழித்து ஊற்றி, டிரில்லில் கலக்கித் தண்டை மாட்டி, மெதுவான வேகத்தில், நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று அளவில், மூன்று நிமிடம் ஓட்டுங்கள். தண்டு எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியே இருக்கட்டும். மேலும் கீழுமாக ஆட்டினால் காற்று உள்ளே போகும். நடுவில் நிறுத்தி, வாளியின் சுவரையும் அடி மூலையையும் தகட்டால் வழித்துவிடுங்கள். அடுத்து, கலந்ததை இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி, மேலும் ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது சரியாகக் கலக்காத ரெசின். இரண்டாவது வாளி அதைப் பின்னால் விட்டுவிடுவதற்குத்தான். இதே காரணத்துக்காக, ஊற்றி முடித்த வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரை வடிய விடாதீர்கள். அந்த வட்டம் மட்டும் இறுகாமல் நிற்கும்.

சில பாலி அமைடு ஹார்டனர்கள் கலந்த பிறகு கொஞ்ச நேரம் ஊற வேண்டும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் மட்டும் காத்திருங்கள். மற்றவற்றை உடனே தரையில் ஊற்றிவிட வேண்டும். வாளியில் கும்பலாக இருக்கும்போது வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினை தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். சற்று முன் திரவமாக இருந்தது திடீரென்று கொதித்துப் புகை விட்டுக் கல்லாகிவிடும். தரையில் பரப்பிவிட்டால் சூடு ஆறி நேரம் கிடைக்கும். பாட் லைஃப் 25 டிகிரியில் 30 நிமிடம் என்றால் 35 டிகிரியில் பாதியாகிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை வாளியிலேயே விட்டுவிட்டுப் போகாமல் ஒரு தட்டில் மணலைப் போட்டு மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள்.

ஓடவில்லை என்று தின்னர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். நூறு சதவீத வகையில் தின்னர் உள்ளேயே மாட்டிக்கொண்டு, தரையை மிருதுவாகவும் சுருங்கலாகவும் ஆக்கும்.

ஊற்றிப் பரப்புவது

மூன்று பேர் இருந்தால் வேலை சீராக ஓடும். ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்றிப் பரப்ப, ஒருவர் முள் ரோலர் இழுக்க. தனியாகச் செய்வது சின்ன அறைக்குத்தான் சரிவரும். ஒவ்வொரு வாளியும் எத்தனை சதுர மீட்டருக்கு வர வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எல்லையைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அந்தக் கோடு வருமுன் வாளி தீர்ந்தால் தடிமனாகப் போகிறது, கோட்டைத் தாண்டினால் மெலிகிறது. வேலை நடக்கும்போதே திருத்திக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தூர மூலையில் தொடங்கி வாசல் நோக்கி வர வேண்டும். ஓரங்களைப் பிரஷ்ஷால் முதலில் பூசிவிட்டு, கலவையை நீளமான பட்டையாக ஊற்றி, பல் வைத்த ஸ்க்வீஜியால் (திரவத்தை இழுத்துப் பரப்பும் ரப்பர் பட்டை) அல்லது கரணையால் இழுங்கள். அடுத்த வாளி, முந்தின வாளியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே சேர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் தாமதித்தாலே சேர்ந்த கோடு தெரிந்துவிடும். அதனால் பரப்பும்போதே அடுத்த வாளியின் கலக்கல் தொடங்கியிருக்கட்டும்.

ஊற்றி ஐந்து பத்து நிமிடம் கழித்து, முள் செருப்பு மாட்டிக்கொண்டு முள் ரோலரைக் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக இழுங்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியேறும், இரண்டு வாளிகளின் எல்லையும் கலந்துவிடும். எப்போது நிறுத்துவது? முள் போட்ட தடம் தானாக மூடிக்கொள்ளும் வரை இழுக்கலாம். தடம் மூடாமல் நிற்க ஆரம்பித்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அங்கே இன்னும் ரெண்டு குமிழி தெரிகிறதே என்று திரும்பப் போனவர்களின் தரையில் குமிழியோடு முள் தடமும் சேர்ந்து நிற்கும்.

ரோலரால் போடும் மெல்லிய கோட்டுக்கு முள் ரோலர் தேவையில்லை. நூல் உதிராத, குட்டை முடி ரோலரை எடுத்து, மாஸ்கிங் டேப்பை அதன் மேல் சுற்றி உரித்தால் தளர்ந்த இழைகள் போய்விடும். முதலில் ஒரு திசையில் பரப்பி, கடைசியில் அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். போட்ட இடத்தைச் சாய்வான விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் விடுபட்டது தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். எண்ணெயோ சிலிகோன் ஸ்பிரேயோ பட்ட இடத்தில் படலம் விலகி வட்டமாகக் குழிந்துவிடும். மேலே இன்னும் ஊற்றினால் அது மூடாது. இறுகிய பிறகு தேய்த்துச் சுத்தம் செய்துதான் திரும்பப் போட வேண்டும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் விடாது. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரால் துடைத்தால் அது எபாக்ஸியைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும்.

அடுத்த கோட்

முந்தின கோட் கையில் ஒட்டாத அளவுக்கு இறுகி, ஆனால் முழுதாக இறுகிவிடாமல் இருக்கும் இடைவெளியில் அடுத்ததைப் போட்டால் இரண்டும் வேதியியல் ரீதியாகவே பிணையும். பல பொருட்களில் இது ஏறக்குறைய 6 முதல் 24 மணி நேரம். துல்லியமான எண் டேட்டா ஷீட்டில் இருக்கும். அந்த நேரம் கடந்துவிட்டால் 80 முதல் 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும் வரை தேய்த்து, தூசி எடுத்துப் போட வேண்டும். எப்படியும் முதலில் ஈரக் கையால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் பிளஷ் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு உள்ளேயே அழுந்திவிடும்.

வெயில் படும் தரை என்றால் எபாக்ஸி மஞ்சளாகி மேலே பொடிந்துவிடும். புற ஊதாக் கதிர் செய்கிற வேலை அது. அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் டாப் கோட் போட்டால் நிறம் நிற்கும், கீறலையும் தாங்கும். தண்ணீர் கொட்டும் இடத்தில் கண்ணாடி வழவழப்பு ஆபத்து. டாப் கோட்டில் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு கலந்து கொஞ்சம் பிடிப்பு கொடுத்துவிடுங்கள்.

இறுகும் காலம்

25 டிகிரியில் பெரும்பாலான எபாக்ஸியில் 24 மணி நேரத்தில் மெதுவாக நடக்கலாம், மூன்று நாளில் இலேசான சாமான்களை வைக்கலாம், ரசாயனத்தையும் வண்டியையும் தாங்கும் முழு பலம் வர 7 நாள் ஆகும். 15 டிகிரி என்றால் இதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தரையில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். ஊற்றிய முதல் சில மணி நேரம் ஜன்னல் வழியாக நேரடிக் காற்று வராமல் அடைத்து வையுங்கள். படலம் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு இலேசாகக் காற்றோட்டம் விடலாம். அறையைச் சற்றே வெதுவெதுப்பாக, 30 டிகிரி அளவில் வைத்தால் இறுகலும் முழுமையாகும்.

இறுகியதா என்று பார்க்க மூன்று சோதனை. பஞ்சை வைத்து ஊதினால் இழை ஒட்டாமல் பறக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கக் கூடாது. அப்புறம், ஒரு வாரம் கழித்து, ஓரமான இடத்தில் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு இருபது முப்பது தடவை தேய்த்துப் பாருங்கள்: நிறம் துணியில் கணிசமாக ஏறினாலோ மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ உள்ளே இன்னும் இறுகவில்லை.

எங்காவது மிருதுவாகவே நின்றுவிட்டால் அதன் மேல் புதுக் கோட் போட்டோ ஹார்டனர் தடவியோ காப்பாற்ற முடியாது. தகட்டால் முழுதாகச் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, சுற்றியுள்ள ஓரத்தைத் தேய்த்து, புதிதாகக் கலந்து போட வேண்டும். ஊசித்துளைகள் இருந்தால் தேய்த்துவிட்டு, அதே எபாக்ஸியைத் தகட்டால் அழுத்தி இழுத்துத் துளையை நிரப்பி, இறுகியதும் மேலே ஒரு கோட் போட்டால் போதும். தூசி முளைத்த இடங்களை 220 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, டாப் கோட்டோடு சேர்த்து மறைத்துவிடலாம். வண்டி நிறுத்தும் தரையில் சூடான டயர் படலத்தைப் பெயர்த்து எடுத்தால், அடியில் சிமென்ட் பால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முழுத் தரையையும் கிரைண்டரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.